சுருவில் வீட்டுக்குப் போட்ட புள்ளி

ஜூலை 15, செவ்வாய்
பயிற்சியின் முதல் நாள். வீட்டுத்திட்ட வரைபடம் வந்தால் இனி அளவும் எல்லையும் பார்த்தால் போதாதாம். அந்த வீட்டுக்குள் மனிதர் சுகமாக இருக்கலாமா என்றும் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டுமாம். படிப்பிக்க வந்திருப்பவர் யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் கம்சிகா. பிரதேச சபையில் இத்தனை வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன், இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நாளை சுருவில் கிராமத்தில் கட்டி முடித்த முதற்கட்ட வீடு பார்க்கப் போகிறோம். எங்கள் ஊர் கரம்பொனில் இரண்டாம் கட்டமும் அதே வரைபடம்தான். அங்கே வீடு கிடைக்கப்போகிறவர்களில் மார்கிரட் அக்காவும் ஒருவர். என் பக்கத்து வளவு, வேலி ஒன்றுதான் இடையில். தகரக் கொட்டிலில் இருக்கிறார்.

ஜூலை 16, புதன்
சுலோஜனா என்ற பெண்ணின் வீடு. உச்சி வெயில். கம்சிகா எங்களை உள்ளே இருந்து பார்க்கச் சொன்னார். சோளகக் காற்று அடுப்புப் புகையைக் குசினியிலிருந்து அறைக்குள் தள்ளியது. கைக்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. கக்கூசுக் கதவு முன் விறாந்தையில். "ஆக்கள் இருந்தா நான் போறேல்லை," என்றாள் சுலோஜனா, மெல்ல.

வெளியே வந்து எல்லோரும் நல்ல புள்ளி போட்டோம். நானும்தான்.

"எல்லாரும் ஒரே வீட்டுக்குள்ளதானே இருந்தனாங்கள்?" என்றார் கம்சிகா.

எங்களில் மூத்தவரான பிரதாபன் அண்ணை சொன்னார்: "குறைச்சுப் போட்டா ரெண்டாம் கட்டம் நிண்டுபோம், பிள்ளை. கொட்டிலுக்குள்ள கிடக்கிற சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"இந்தப் புகைக்கு ஆர் பதில் சொல்லுறது, அண்ணை?"

நாளை திரும்பப் போட வேண்டும். அந்தப் புள்ளிதான் மேலிடத்துக்குப் போகும்.

ஜூலை 17, வியாழன்
காலையில் வேலியடியில் மார்கிரட் அக்கா. "எங்கட வீடு எப்ப தொடங்குமாம், தர்சினி?"
"கெதியா, அக்கா."
சொல்லிவிட்டுப் போய்க் குறைத்துப் போட்டேன். பிரதாபன் அண்ணை தன் புள்ளியை மாற்றவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 6, புதன்
இரண்டாம் கட்டம் நிறுத்தம். வரைபடம் திருத்தி வரும்வரை.

ஓகஸ்ட் 8, வெள்ளி
"நீங்கள்தான் வேண்டாமெண்டு எழுதினதாம்," என்றார் மார்கிரட் அக்கா.
நீங்கள்! இவ்வளவு காலமும் என்னை நீ என்று கூப்பிட்டவர்.
"வேண்டாமெண்டு எழுதேல்லை அக்கா. திருத்தச் சொன்னனாங்கள்."
"திருத்தி முடியுமட்டும் மழை பாத்துக்கொண்டு நிக்குமே?"


செப்ரெம்பர் 14, ஞாயிறு
மார்கிரட் அக்கா இன்னும் என்னோடு பேச்சில்லை.

ஒக்ரோபர் 19, ஞாயிறு
விடியவே மழை. மார்கிரட் அக்காவின் புருசன் மனுவேல் அண்ணை கொட்டிலுக்கு மேலே தறப்பாள் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மார்கிரட் அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

பிழை விட்டுவிட்டேனா? புகை வந்தாலும் வீடு என்று ஒன்று கட்டத் தொடங்கியிருப்பார்களே. ஆனால் அந்தக் குழந்தை இருமினது— அதை எப்படி நான் கேட்காத மாதிரி இருக்க?

ஒக்ரோபர் 28, செவ்வாய்
திருத்திய வரைபடம் வந்துவிட்டது. புகை அறைக்குள் போகாது, கக்கூசுக் கதவும் முன்னுக்கு இல்லை. கையெழுத்து வைக்கும் முன் குடியிருக்கப்போகிறவர்களிடம் காட்ட வேண்டும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். கொண்டுபோனேன்.

மார்கிரட் அக்கா இருக்கச் சொல்லவில்லை. ஈர மண்ணில் நின்றபடி விரித்துப் பிடித்தேன். விரலால் ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தாள் கடலால வந்தா வலையை எங்க போடுறது? முன்னுக்கோ? பின்பக்கம் கூரையை நீட்டி ஒரு பத்தி இறக்குங்கோ."
"ஏலாது, அக்கா. குடுத்த அளவு முடிஞ்சுது."
"ஏன் ஏலாது? இந்த அறையைக் கொஞ்சம் சின்னனாக்கு."
"பிறகு கட்டில் கொள்ளாது."
"எங்களிட்ட எங்க கட்டில்?"

மனுவேல் அண்ணை சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து, கூரை ஒழுகாத பக்கமாகப் போட்டார்.

"இருந்து, பத்தியைக் கீறு," என்றார்.