நகர எல்லையும் அண்ணன் காணியும்

2025 மார்ச் 3, திங்கள்

போஞ்சிக் கொடிகளுக்கு மருந்து அடித்தேன். பகல் கிராம சேவகர் வந்து ஒரு சேதி சொன்னார். பண்டாரவளை நகர எல்லையை விரிக்கப் போகிறார்களாம். புதுக் கோடு எங்கள் வேலியோடுதான் போகிறதாம். அண்ணன் காணி உள்ளே, என் காணி வெளியே. உள்ளே இருந்தால் பேர்ச் கணக்கில், சின்னத் துண்டுக்கே பெரிய விலை. வெளியே இருந்தால் அதே பழைய ஏக்கர் கணக்கு.

மார்ச் 4

தூக்கமில்லை. என் மனைவி விஜயா மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

மார்ச் 9, ஞாயிறு

சந்தையில் எல்லாருக்கும் இதே பேச்சு. "ஒங்க அண்ணனுக்கு அடிச்சது யோகம்" என்று முட்டைக்கோவா ஏற்றுகிற லொறிக்காரன்கூட சொல்கிறான். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

யாரையும் குறை சொல்ல முடியாததுதான் எரிகிறது. அப்பா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து சேர்த்து வாங்கிய காணி. அவர் போன பிறகு வழக்கப்படி மூத்தவர் பங்கு பிரித்தார், இளையவன் நான் முதலில் எடுத்தேன். பீலித் தண்ணி விழுகிற, கறுத்த மண் உள்ள கீழ்ப்பக்கத்தை நான்தான் கைகாட்டினேன். ரோட்டோரத்துப் பாறையும் மானாப்புல்லும் அண்ணனுக்கு. அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது அந்தப் பாறைக்கு ஆள் வருகிறது.

மார்ச் 22

டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஜாபிர் முதலாளி அண்ணன் காணியைப் பார்க்க வந்தார். எல்லை உறுதியானதும் வாங்கி கெஸ்ட் ஹவுஸ் கட்டுவாராம். அண்ணன் என்னையும் கூப்பிட்டு நிறுத்தி, "என் தம்பி புவனேந்திரன். இவன் மாதிரி இந்தப் பக்கம் யாரும் போஞ்சி போடமாட்டாங்க" என்றார்.

அவருக்கு கெஸ்ட் ஹவுஸ், எனக்குப் போஞ்சி. பெருமையாத்தான் சொன்னாரு, தெரியும். ஆனாலும் வயிறு பத்திக்கிட்டு எரியுது.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. அண்ணி பலகாரத்தட்டோடு வந்தார். புதுப் பட்டுச்சேலை. விஜயா அதைத் தடவித் தடவிப் பார்த்து, "நல்லாருக்குக்கா" என்றாள். அண்ணி போனதும் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"சேலை என்னங்க பண்ணுச்சு ஒங்கள?" என்றாள்.

நான் முறுக்கைத் தொடவில்லை.

மே 8

ஆட்சேபனை இருந்தால் நகரசபைக் கந்தோரில் வந்து சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். அண்ணனிடம் சொல்லாமல் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றாகவே பேசினேன். ரெண்டும் ஒரே அப்பா வாங்கின காணி, ஒரே தண்ணியில் பிழைக்கிற குடும்பம், நடுவில் கோடு கிழித்து எங்களைப் பிரிக்காதீர்கள் என்றேன். 'நாங்கள்' 'நாங்கள்' என்று பேசினால் என்னையும் சேர்த்து உள்ளே போடுவார்கள் என்று கணக்கு.

அந்தத் தண்ணி எங்கே இருந்து வருகிறது என்று பெரிய ஐயா கேட்டார். அண்ணன் காணிப் பாறைக்கடியில் ஊத்து இருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேரில் வந்து பார்ப்பார்களாம்.

மே 16

வந்தார்கள். பாறைக்கடியில் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். அண்ணன் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அப்புறம் என் தோளில் கை போட்டு, "நமக்காகப் போயி பேசியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

ஜூன் 27

முடிவு வந்துவிட்டது. ஊத்து இருக்கிற இடத்தில் கட்டடம் வரக்கூடாதாம். எல்லைக் கோட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ரெண்டு காணியும் வெளியே.

என் வாயாலதான் போச்சு. அவரோடதும் போச்சு, நான் கேட்டதும் கிடைக்கல. அழுகை வரணுமே, ஏன் வரல? ராத்திரி ரெண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 6

ஜாபிர் முதலாளி இப்போது அண்ணனின் போனை எடுப்பதில்லையாம். அண்ணன் மெலிந்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். பாறை இடுக்கில் கொஞ்சம் கோவா போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறாராம், கன்று கிடைக்குமா என்றார்.

"என்னண்ணே, இதப் போயி கேட்டுக்கிட்டு" என்று நல்ல கன்றாகப் பிடுங்கி, நானே சுமந்துபோய் நட்டுக் கொடுத்தேன். வெயில் ஏறும்வரை ரெண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விஜயா கை கழுவத் தண்ணி ஊற்றினாள். "அண்ணன்மேல இம்புட்டுப் பாசத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

கையைத் துடைத்தேன். வாய் பாட்டுக்கு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.