சூசையப்பரின் மூக்கு

சேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
17 ஒக்டோபர் 1937.

அன்புள்ள மகன் பிலேந்திரனுக்கு,

ஆண்டவர் கிருபையால் அம்மாவும் தங்கச்சி பேர்ணடெற்றும் சுகம். நானும் சுகம், இடது பெருவிரலைத் தவிர. ஈப்போவில் உனக்கும் ஒரு குறையும் வராதிருக்க மன்றாடுகிறோம்.

விரலுக்கு என்ன என்று கேட்பாய். இந்த வருடம் கோயிலில் நத்தாருக்குச் சேசு பாலன் குடில் கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடிலுக்குள் வைக்கும் சுரூபங்களைக் கழுவ எடுத்தவன், மாட்டையும் இடையரையும் கழுவிய கையோடு சூசையப்பரையும் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி, கொதிக்கிற வெயிலில் காயப் போட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சுட்ட மண், அவர் மட்டும் மரம் என்று அந்தப் பூச்சுக்குள் யாருக்குத் தெரியும்? பின்னேரம் பார்த்தால் உடம்பு தப்பியிருக்கிறது, முகம் நெற்றியிலிருந்து தாடி வரை பிளந்து கிடக்கிறது. கோயில் பார்க்கும் கிளெமென்ற், பாலனை வளர்த்த தச்சனுக்கே தலை வெடிச்சுப் போச்சு என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். ரோசம் பொறுக்காமல், புதுத் தலையை நானே செதுக்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கந்தோரில் பேனை பிடித்த கைக்கு உளி பிடிக்க வராதா என்ற எண்ணம்.

இப்படி எரிச்சல் பிடித்த வேலையை நான் கண்டதில்லை. முதல் கட்டையில் கண்ணை ஆசையாக வெட்டினேன், மூக்குக்கு மரம் மிஞ்சவில்லை, முகம் ரொட்டி போலத் தட்டை. அடுத்ததில் மூக்கு அழகாக வந்தது, நாடியை வெட்டும்போது அந்த மூக்கே தெறித்துக் கோழிக்கூட்டுக்குள் விழுந்தது. கந்தோரில் பிழை விட்டால் கீறிவிட்டு மேலே எழுதலாம், மரத்தில் அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்றில் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. இவர் பிள்ளையைப் பாக்கிறாரோ மாட்டைப் பாக்கிறாரோ என்று பேர்ணடெற் கேட்கிறாள். பிழைத்த தலைகளை அம்மா அடுப்பில் வைக்கிறாள். பரிசுத்தவானை எரிக்கலாமோ என்றால், சுவாமியார் மந்திரிக்காத தலைதானே என்கிறாள்.

போன கிழமை மூக்கைப் பெரிதாகவும் கண்ணைச் சிறிதாகவும் விட்டு, பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்படுத்தினேன். ஒரு தலை ஒழுங்காக வந்தது. அம்மா அகப்பையோடு வந்து பார்த்தாள், பார்த்தபடியே நின்றாள், பிறகு அழத் தொடங்கிவிட்டாள். அது நீதானாம். உன்னை நினைத்து நான் செதுக்கவில்லை, சத்தியம். ஆனால் ஒரு பக்கம் சரிந்த அந்த மூக்கு உன்னுடையதுதான். அதோடு முடிந்ததா? தலையைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோயிலுக்குத் தரமாட்டாளாம். நத்தாருக்கு நத்தார் வருகிறேன் என்று எழுதி ஏமாற்றுகிற பிள்ளை, இப்படியாவது வீட்டில் இருக்கட்டுமாம். கெஞ்சிக் கேட்டால், அவன் வந்து வாசல்ல நிக்கட்டும், அப்ப தாறன் என்கிறாள். கோபத்தில் வேறொன்று தொடங்கித்தான் விரலை வெட்டிக்கொண்டேன்.

ஆகையால் லீவு கிடைக்கவில்லை என்ற பழைய கதை எனக்கு வேண்டாம். சூசையப்பர் தலையில்லாமல் நிற்கிறார் என்று உன் துரையிடம் சொல்லிக் கப்பலேறு. செபம் சொல்லாமல் படுக்காதே, மழையில் நனையாதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காப்பார்களாக. வரும்போது வெறுங்கையோடு வந்தாலும் போதும், அந்த மூக்கைக் கொண்டு வா.

உன் அப்பா,
ம. இன்னாசிமுத்து