கிணற்றில் வழிந்த நீலம்

கரமனை,
வியாழக்கிழமை.

சௌபாக்யவதி பத்மஜாவுக்கு, மன்னி சுப்புலக்ஷ்மி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. மஸ்கட்டில் நீயும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

நேற்றுக் காலை கிணற்றடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், உன் அண்ணா, உன் வீட்டில் குடியிருக்கும் ரெனி, அவள் இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை, கிணறு இறைக்க வந்த சத்தியதாஸ். ஒருவரையும் விடாமல் எழுதுகிறேன். இத்தனை பேர் முன்னால்தான் என் குட்டு வெளிப்பட்டது.

போன மாதம் அந்தக் குழந்தை வயிற்றுப்போக்கோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தண்ணீரைப் பரிசோதித்ததில் கிருமி இருப்பதாக ரிசல்ட் வந்தது. உடனே நான் உனக்குப் போன் செய்து, ரெனி குழந்தைத் துணியைக் கிணற்றடியில் அலசுகிறாள், ஆசாரம் தெரியாதவள் என்று சொன்னேன். நீயும் இந்த மாதக் கடைசியில் அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாய்.

சத்தியதாஸ் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் கிணற்றில் கசிவு எங்கள் பக்கத்துச் சுவரில்தான் என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடமே துணிக்குப் போடும் நீலத்தைக் கேட்டு வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, கிணற்றடியில் நான் குளித்துத் துவைக்கும் கல்லில் கொட்டினான். காபி ஆறுவதற்குள் கிணற்றுக்குள் நீலமாக வழிந்தது. "வர்றது நீங்க குளிச்ச தண்ணிதான் மாமி, கேட்டோ" என்றான் மலையாளம் கலந்து. உன் அண்ணா, "உன் மடியிலே கிணத்துக்கும் கொஞ்சம் பங்கு குடுத்திருக்கே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தினம் இறைக்கும் வாளிகளைக் குறித்து வைக்கும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தலையோடு குளிக்க, மடிப்புடவை அலச, தினம் பதினான்கு வாளி. கல் போட்டுப் பதினொரு வருஷம். எத்தனை வாளி இறைத்தேன் என்று எழுதினேனே தவிர, இறைத்தது எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் பகவானுக்கு அபிஷேகம் செய்தேன். அதைத்தான் அந்தக் குழந்தையும் குடித்தது.

ரெனி துணி அலசுவது கொல்லைக் கோடியில், வாழைக்குப் பக்கத்திலாம். என் கண்ணால் பார்க்காததைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். "இனி இந்தத் தண்ணி மோளுக்குக் கொடுக்கலாமா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

கல்லைப் பெயர்த்தாயிற்று. இப்போது குளியலறையில் நாலு வாளியோடு சரி. புடவை அலசின தண்ணீர் எங்கள் வாழைக்கும் போகிறது. கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறது. மறு ரிசல்ட் வரும்வரை இரண்டு வீட்டிலும் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

ரெனி அட்டைப்பெட்டி வாங்கிவந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதம் முடிகிறது. போகச் சொல்ல என் வாய் போதுமாக இருந்தது. இருக்கச் சொல்ல வீடு உன்னுடையது.

உன் அண்ணா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். பத்மநாப சுவாமி உன் குழந்தைகளை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். சனிக்கிழமைக்குள் பதில் போடு அம்மா. எனக்கு முன்னால் ரெனிக்குப் போடு.

இப்படிக்கு,
மன்னி சுப்புலக்ஷ்மி