மேட்டு நாற்காலியிலிருந்து வந்த சைகைகள்

ஏப்ரல் 12

அறுபத்திரண்டு வயதில் என்னை டிராக்டரில் ஏற்றிவிட்டார் மனுஷன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது கிளட்ச் எது, பிரேக் எது என்று பாடம் கேட்கிறேன். ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பதற்குள் மூன்று தடவை அணைந்துபோனது. நாலாவது தடவை நகர்ந்தது, வேலிக் கம்பத்தையும் சேர்த்துக்கொண்டு.

இவர் மேட்டில் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தார். கத்துவதற்கு மூச்சு இல்லை. அதனால் எல்லாம் பட்டாளத்து வழக்கப்படி கையால்தான். ராணுவத்தில் பன்னிரண்டு வருஷம் டாங்கி ஓட்டியவர். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு காதில் விழாதாம். ஒருத்தன் கீழே நின்று கை காட்டுவானாம், ஓட்டுகிறவன் மறுபேச்சில்லாமல் கேட்பானாம். உள்ளங்கையைத் தன் பக்கம் அசைத்தால், வா. முஷ்டியைத் தூக்கினால், நில். கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால், இன்ஜினை அணை.

"நீங்க பாடம் எடுக்கறதே கழுத்தறுப்பு, அதுக்கு சைகை வேறயா?" என்றேன். சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஆயிற்று அடங்க. என் வாய் இருக்கிறதே.

ஏப்ரல் 13

இடுப்பு, தோள், முழங்கால். டிராக்டரைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 19

ஏன் இந்த அவசரம் என்று எனக்குத் தெரியாதா? நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனித் திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னபோது நானும்தானே பக்கத்தில் இருந்தேன். அந்த வாரமே மகன் போன் செய்தான். நிலத்தை விற்றுவிடலாம், பின்னால் அம்மா நகரத்தில் என்னோடு வந்து இருக்கட்டும் என்றான். நல்லதுக்குத்தான் சொல்கிறான். இவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுநாள் காலை டிராக்டர் சாவியைக் கொண்டுவந்து என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

இன்றைக்குக் கேட்டேவிட்டேன், போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா என்று.

"அது நம்ம கையிலயா இருக்கு டீச்சர்? நிலம் வேணுமா வேணாமான்னு நீ சொல்லு. விக்கறதுன்னா வித்துடு. ஆனா ஓட்டத் தெரியாததால வித்தேன்னு மட்டும் ஆகக்கூடாது."

பாத்திரம் கழுவப் போனேன். ஒரு தட்டு உடைந்தது. அதுவாக உடையவில்லை.

ஏப்ரல் 26

இன்று வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே 3

டிராக்டரைப் பின்னால் எடுத்து ஷெட்டில் விடும் பாடம். இவர் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஷெட் வாசலுக்கே வந்து நின்றார். முஷ்டியைத் தூக்கினார். இன்னும் ஒரு அடி இடம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது, விட்டேன். பின்சுவரில் மோதி அலமாரி சரிந்து பெயின்ட் டப்பா எல்லாம் உருண்டது. திட்டுவார் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. முகம் வெளிறிப்போய் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் சொன்னார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் இதைக் கேட்கிறேன்.

"என் சிநேகிதன் ஒருத்தன் செத்தது சண்டையில இல்ல. முகாம்ல, வண்டிய நிறுத்தும்போது. அவன் பின்னால நின்னு கை காட்டறான். முஷ்டியத் தூக்கினான். நான், இன்னும் ஒரு அடி இருக்குன்னு நினைச்சேன்."

அதற்குமேல் மூச்சு வாங்கியது, போதும் என்றேன். வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு மூட்டைச் சோளத்தோடு ரயிலேறுவாரே, நான்கூட, பட்டாளத்துக்காரர்கள் கூடிக் கும்மாளம் போடுகிறார்கள் என்று கேலி செய்வேன். அந்த நண்பனின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். முதலில் அவன் அம்மாவுக்கு, அப்புறம் தங்கைக்கு. என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன சொல்லியிருப்பேன்? இத்தனை வருஷம் தனியாகவா இதைச் சுமந்தீங்க?

மே 17

உழவு முடிந்தது. பக்கத்து நிலத்துக்காரர், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர், வேலை வெட்டி இல்லாமல் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். சால் எல்லாம் பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கிறதாம். கிண்டலா பாராட்டா என்று இவரைக் கேட்டேன். பொறாமை என்றார். பாதி மூச்சிலும் என்ன பெருமை இந்த மனுஷனுக்கு! எனக்கும்தான்.

ஜூன் 6

விதைத்தாகிவிட்டது. முழுக்க நானே ஓட்டினேன். காலை ஏழு மணியிலிருந்து உச்சிவெயில் வரைக்கும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு கோடியிலும் திரும்பும்போது மேட்டைப் பார்ப்பேன், உள்ளங்கை அசையும்: வா, வா. கடைசிச் சாலில் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தார். அணைத்தேன். அந்த அமைதியில் இரண்டு பேரும் மேட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். என் கையில் கிரீஸ், அவர் துடைத்துவிட்டார். இப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷமாயிற்று.

ஜூன் 8

மழை. சரியான சமயத்தில்.

ஜூலை 2

ஆஸ்பத்திரி. தொண்டைக்குள் குழாய் விட்டிருக்கிறார்கள். மூச்சு இப்போது மெஷினுடையது.

ஜூலை 5

நினைவு இருக்கிறது, பேச முடியாது. மகன் வந்துவிட்டான். மத்தியானம் டாக்டரம்மா இருக்கும்போது, ஊசி குத்தாத கையை மெல்லத் தூக்கி, கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே.

அப்பா தொண்டை வலிக்குதுன்னு சொல்றார், டாக்டர் என்றான் மகன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

பொய். வாழ்க்கையில் எத்தனை பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்.

ஜூலை 6

இன்றைக்கு மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவி, நான் திரும்பிக்கிட்டேன். கை அப்படியே மெத்தையில் விழுந்த சத்தம் கேட்டது.

இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்னு இருக்கே மனசு. யார் கண்டது, நாளைக்குத் தேறினா? தேறாதுன்னு டாக்டரம்மா ரெண்டு தடவை சொல்லியாச்சு. தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு நாள்... இதேதானே அன்னைக்கு ஷெட்லயும் நினைச்சேன்? இதேதானே அவரும் நினைச்சார், முகாம்ல?

ஜூலை 7

சொல்லிவிட்டேன். அது தொண்டை வலி இல்லை, இன்ஜினை அணைக்கச் சொல்கிறார் என்று.

டாக்டரம்மா கட்டிலருகே குனிந்து அவரிடமே நிதானமாகக் கேட்டார். குழாயை எடுத்தால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியும், ஆனால் அதிக நேரம் இருக்காது, புரிகிறதா என்றார். தலையசைத்தார். மறுபடி கேட்டார், மறுபடி அசைத்தார். மகன்தான் உடைந்துபோனான்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீயா எப்படிச் சொல்லலாம்?"

அவனுக்கு ஒவ்வொரு சைகையாகக் காட்டினேன். வா. நில். அணை. கட்டிலில் அவர் விரல்களும் கூடவே அசைந்தன. மகன் அதைப் பார்த்தான். அப்புறம் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

குழாயை எடுத்தபின் இரண்டு மணி நேரம். குரல் வரவில்லை. உள்ளங்கையை மட்டும் தன் பக்கம் அசைத்தார். போனேன். கட்டில் விளிம்பில் தலையை வைத்தேன், முடியில் கை இருந்தது. நாலேகால் வரைக்கும்.

ஜூலை 9

அடக்கம் முடிந்தது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து நாலு கிழவர்கள், பழைய சீருடை பொத்தான் போட முடியாமல். வந்ததில் அதிகம் அழுதவர் மீசைதான்.

ஜூலை 22

நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தேன். மறுபடி மேட்டில் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 20

நிலம் கேட்டு ஒரு ஆள் வந்திருப்பதாக மகன் சொன்னான். அறுவடை முடியட்டும் என்றேன். சோளம் என் உயரத்தைத் தாண்டிவிட்டது.

அக்டோபர் 25

கதிர் எல்லாம் வீடு வந்து சேர்ந்தது. நல்லதாக ஒரு மூட்டை தனியாக எடுத்து வாய் கட்டிவிட்டேன். ஜனவரியில் ரயிலேற வேண்டும். அந்தத் தங்கைக்கு என்னைத் தெரியாது, போனால் தெரிந்துகொள்வாள்.

மகன் நாலு நாள் லீவில் வந்திருக்கிறான். விற்க வேண்டாம் என்று சொன்னேன், ஒரு தடவைதான். அடுத்த விதைப்பு எந்த வாரம், அதற்கேற்ப லீவு போட வேண்டும் என்று கேட்டான்.

சாயங்காலம் டிராக்டரை ஷெட்டில் விடும்போது கை காட்ட வந்து நின்றான். சொல்லிக்கொடுத்தும் காக்கா ஓட்டுவது போலத்தான் கை வீசுகிறான். பிறகு முஷ்டியைத் தூக்கினான். திரும்பிப் பார்த்தேன். பின்சுவருக்கு இன்னும் ஒரு அடி இருந்தது.

நிறுத்திவிட்டேன்.