ஜெமுதாயின் நின்றுபோன மாதங்கள்

அன்பு மகள் செப்கெமோய்க்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை ஜெமுதாய், மாடுகள் எல்லோரும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் உன்னையும் ஆண்டவர் சுகமாக வைத்திருக்கட்டும். போன செவ்வாய் ஆஸ்பத்திரியில் உன் அப்பன் தெரியாமல் கர்ப்பிணிகள் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து அம்மாள் வயிற்றைத் தடவிக்கொண்டே, "பெரியவரே, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்க, வரிசையே சிரித்தது. ஜெமுதாய்க்காகத்தான் போனேன் என்பது உனக்குத் தெரியும். பதினேழு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருஷமாக மாதவிலக்கு நின்றிருப்பதை, ஒரே கூரைக்குள் இருக்கிற என்னிடம் சொல்லாமல் கடல் தாண்டி இருக்கிற உன்னிடம்தானே சொன்னாள். போகட்டும், அம்மா இல்லாத பிள்ளை, அக்காவிடம்தான் சொல்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டால், உனக்கும் முன்னாலேயே அவளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிற கோச் பிவோட்டுக்குத் தெரியுமாம்! "அட, பெரிய ஓட்டக்காரிங்களுக்கு அப்படித்தாம்மா, பயிற்சி உடம்புல பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றாராம். இவளும் பதக்கம் வாங்கினவள் மாதிரி இருந்திருக்கிறாள். மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட வெளியே கையை நீட்டிப் பார்க்கிறவள், அவர் சொன்னால் மட்டும் வேதவாக்கு.

டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டு, முதலில் கர்ப்பமா என்று பார்த்தார், இல்லை. பிறகு ரத்தம், தைராய்டு, ஸ்கேன், எதிலும் கோளாறு இல்லை. என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு ஓடுகிறாய் என்று துருவிக் கேட்டபோதுதான் பிடிபட்டது. என்னைக் கூப்பிட்டு, "ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தலை, அதான் உடம்பு மாதவிலக்கை நிறுத்தி மிச்சம் பிடிக்குது. இப்படியே விட்டா எலும்பு ஒடியும், ஓட்டமும் போயிரும்" என்றார். பயந்துதான் போனேன். ஆனாலும் கோச் சொன்னது தப்பு என்றதும் உள்ளுக்குள் ஒரு துள்ளல், உன்னிடம் மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்தால் சாப்பிடவே மாட்டேன் என்று ஒரே அழுகை, எடை கூடினால் ஜூன் போட்டி போச்சாம். கெஞ்சினேன், அதட்டினேன். "உங்களுக்கு ஓட்டத்தைப் பத்தி என்னப்பா தெரியும், மாட்டைத் துரத்தினதுதானே" என்றாள். விஷயம் கேள்விப்பட்டு சாயங்காலம் கோச்சே வந்தார். "தப்பு என்னுதுதாம்மா. அது திரும்ப வர்ற வரைக்கும் பயிற்சி முகாம் பக்கம் வராதே, நல்லா சாப்பிடு" என்று, நம் வீட்டுச் சுரைக்குடுவையிலிருந்தே, நான் புளிக்கவைத்த பாலை ஊற்றி நீட்டினார். மடமடவென்று குடித்தாள், இன்னொரு கோப்பையும் கேட்டாள்.

போனில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேள், எடையைப் பற்றி மூச்சு விடாதே. டாக்டரம்மா மறுபடி வரச் சொன்னதையும் ஞாபகப்படுத்து, நான் சொன்னால் ஏறாது. குளிரில் தலையை மூடிக்கொள், நீ தொட்டதெல்லாம் பெருகட்டும். கோச்சை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, கையைக் குலுக்கி, ரொம்ப நன்றி என்றேன். அதே பாலைத்தான் தினமும் காலையில் நானும் நீட்டினேன் ஐயா என்று மட்டும் சொல்லவில்லை.

உன் அப்பா,
கிப்சாங்