இனி வீணாகாத ஓட்டு

என் கோபக்காரருக்கு,

சட்டம் நிறைவேறிவிட்டது! இனி ஒரு கட்சிக்கு எத்தனை பங்கு ஓட்டோ, சபையில் அத்தனை பங்கு இடம். நீங்கள் நின்ற மூன்று தேர்தலிலும் ஊரில் ஐந்தில் ஒருவர் உங்களுக்குத்தான் போட்டார். அத்தனையும் விழலுக்கு இறைத்த நீராயிற்றே, இனி ஆகாது.

செய்தி வந்தபோது நம் சலூனில் வங்கி மேனேஜரம்மாவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதித் தலையோடு எழுந்து கைதட்டினார். "நானும் உன் வீட்டுக்காரருக்குத்தான் போட்டேன். வெளிய சொல்லலை, அவ்வளவுதான்" என்றார். கண்ணாடியெல்லாம் சாயம் தெறித்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மாலையில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். இனிக் கட்சி கொடுக்கும் வேட்பாளர் பட்டியலில் மேலிருந்து வரிசையாகத்தான் இடம் கிடைக்குமாம்; அதில் முதல் பெயர் யாருடையது என்று பேச்சு. "அண்ணன் வருவாரா அண்ணி?" என்றார்கள். மூன்றாம் முறையும் தோற்ற மறுநாளே பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய மனுஷரைப் பற்றி நான் என்ன சொல்ல?

"அவர் வர்றப்ப வரட்டும். இப்ப என் பேரைப் போடுங்க" என்றேன். என்ன சந்தோஷம் தெரியுமா!

வீட்டில் எல்லாம் நலம். பூட்டை மாற்றவில்லை.

இரண்டாவது பெயருக்கு ஆள் தேடுகிறார்கள். நானும்தான்.

இப்படிக்கு,
உங்கள் வேட்பாளர்