இடது ஓரத்துக் காய்

அன்பு வாலு,

உடம்பும் மனசும் வேலையும் உனக்கு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை அது பொய்யாகிவிடும். என் முட்டி வலி பழையபடிதான், அதை விடு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, மாடியில் புதிதாக வந்தவர்கள் நாற்காலியை இழுத்து இழுத்தே நம் தலையில் ஓட்டை போடப் பார்க்கிறார்கள். அப்பாவைப் பற்றி எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் இத்தனையும் எழுதுகிறேன். போனில் சொன்னால் அவர் காதில் விழும், வீடு அவ்வளவு சின்னது.

நீ போனதிலிருந்து செக்கர்ஸ் பலகையில் உன் இடத்தில் நான்தான் உட்கார்கிறேன். அப்பா உனக்குப் பாடம் எடுத்த மாதிரியே எனக்கும் எடுத்தார். கறுப்புக் கட்டத்தில் மட்டும்தான் நடக்கணும், மூலைவாக்கில் ஒரு கட்டம் முன்னால் போகணும், எதிராளி காய்க்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டணும், கடைசி வரிசையைத் தொட்டு ராஜாவானால்தான் பின்னாலும் நடக்கலாம். வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆகணும், மனசில்லை என்று விட முடியாது, விட்டால் வெட்டத் தவறிய நம் காயை எதிராளி ஊதிவிட்டுப் பலகையிலிருந்தே எடுத்துவிடுவார் என்பதை மட்டும் பத்துத் தடவை சொன்னார். என் காய்களை எத்தனை ஊதியிருக்கிறார் தெரியுமா, ஊதும்போது அந்த முகத்தைப் பார்க்கணுமே, உலகத்தையே ஜெயித்த மாதிரி இருக்கும்.

கொஞ்ச மாதமாக நான் ஊதுகிறேன். முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை, கிழவருக்கு மூளை மழுங்கிவிட்டது என்று கேலிகூடச் செய்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் தவறவிடுவதெல்லாம் இடது ஓரத்தில். வலது பக்கம் மூன்று காயை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற மனுஷன், இடது மூலையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற காயைப் பார்ப்பதே இல்லை. சாப்பிடும்போது தண்ணீரை இடது பக்கம் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் எங்கே என்று என்னிடமே கேட்டார். கண் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, தோற்றவனைக் குருடன் என்பாயா என்று கத்திவிட்டுப் பலகையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஓட்டுகிறார், அதுவும் நிற்க இடமில்லாமல் ஆள் ஏறுகிற பஸ்.

போன வாரம் அப்பாவோடு பஸ்ஸில் போகிற கண்டக்டர் நம் வீட்டுக்கு வந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, நேத்து சைக்கிள்ல போன ஒரு பொண்ணு மயிரிழையில தப்பிச்சது, அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள் இல்லையா. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன், ரிட்டையர் ஆகிறவரை வாயை மூடிக்கொண்டிரு என்கிறார். இருபத்தெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவர், அது அவருக்கு உயிர் மாதிரி, எனக்குத் தெரியாதா.

இன்று காலை அவர் வேலைக்குக் கிளம்புமுன் நான் டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். இன்றே வண்டியை வாங்கிக்கொண்டு பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்றார். சொன்னது யார் என்று அப்பா கேட்டால் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆகணும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. சாயங்காலம் எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பலகையை எடுத்துத் துடைத்தேன், அப்புறம் அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் செய். எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. அம்மா இப்படிச் செய்திருக்கக் கூடாது என்று சொல்லு, என்னைத் திட்டு, அவர் திட்டினால் சேர்ந்து திட்டு. அவருக்கு வீட்டில் ஒரு ஆளாவது வேணும், அது இனிமேல் நானாக இருக்க முடியாது.

உன் கண்ணையும் ஒரு தடவை காட்டிக்கொள், சிலது பிள்ளைகளுக்கும் வரும் என்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். லீவு கிடைத்து வந்தால், ரோட்டில் அவருக்கு இடது பக்கமாக நட, ஏன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா